உனக்குக் கிடையாது!

“ஏம்மா, ‘உனக்குக் கிடையாது’ ரீல்ஸ்ல வர்ற அந்த ஆளு உங்க தம்பியாமே! உங்களோட ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?”

ரொட்டி வாங்க வந்த வெளியூர்ப் பெண் இப்படிக் கேட்டதும் நொலீனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ரொட்டி வேணும்னா எடுத்துக்கோ. இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு!”

அந்த ரீல்ஸை அவளும் பார்த்திருந்தாள். அரை நிமிஷம்தான். தம்பி லின்ட்சே பார் கவுன்டரில் கையை நீட்டுவான். முதலாளி டேரில் நுரை ததும்பும் பியரை அவன் மூக்குவரை கொண்டுபோய், வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்வான். உடனே பாரில் இருக்கிற அத்தனை பேரும், “உனக்குக் கிடையாது!” என்று கத்துவார்கள். அவன் முன்னால் ஒரு எலுமிச்சை சோடா வந்து உட்காரும்.

வாரத்துக்கு ஒன்று இப்படி. ஒரு தடவை பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு வந்தான். இன்னொரு தடவை ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்து வந்தான். அப்போதும் கிடையாதுதான்.

காற்று வாங்கிக்கொண்டிருந்த பாரில் இப்போது சனிக்கிழமை நிற்க இடமில்லை. சிட்னியிலிருந்துகூட காரில் வந்து இறங்குகிறார்கள்.

வேலைக்காலம் முழுக்கச் செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்த கை, தம்பியின் கை. ஊரே மதித்த கை. அதைப் பிச்சைக்காரன் மாதிரி நீட்ட வைத்து ஒருத்தன் கல்லா கட்டுகிறான்!

நொலீன் ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள்.

“எங்கே கிளம்பிட்டே?” என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

“ஒருத்தன் குரல்வளையைப் பிடிக்க.”

பாரில் டேரில் புதுப் பனியன்களை மாட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ‘உனக்குக் கிடையாது!’ மூலையில் லின்ட்சே சோடாவோடு உட்கார்ந்திருந்தான்.

“வா நொலீன். என்ன குடிக்கறே?”

“உன் ரத்தத்தை!”

டேரில் பனியனைக் கீழே வைத்தான்.

“பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவனுக்கு இந்த இடத்தை விட்டா வேற போக்கிடம் கிடையாது. அது தெரிஞ்சுதானே குரங்காட்டி மாதிரி அவனை ஆட வைக்கறே? வெக்கமா இல்லே? இப்ப பனியன் வேற!”

“கொஞ்சம் உட்காரு...”

“உட்கார வரலே. எல்லாத்தையும் அழி. இப்பவே. இல்லேன்னா உன் லைசென்ஸ் போற மாதிரி எழுதிப் போடுவேன்.”

“இதனால என் வியாபாரம் நடக்குது. அதை நான் இல்லேங்கலே. ஆனா லின்ட்சேகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவன்கிட்டயா? வாயில்லாப் பூச்சி! யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். சின்னப் பிள்ளையிலேர்ந்தே அப்படித்தான்.”

அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் ஒருவன் உள்ளே வந்தான். மேஜையை ஓங்கித் தட்டினான்.

“எல்லாருக்கும் ஒரு ரவுண்டு! என் கணக்கு!” என்றவன், மூலையில் இருந்தவனைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானான். “அட, நீயா? உனக்குக் கிடையாதுடா!”

பார் அதிர்ந்தது. லின்ட்சேயும் சேர்ந்து சிரித்தான்.

நொலீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. “பார்த்தியா? ரோட்டுல போறவனெல்லாம் கேலி பண்றான். அழி!”

டேரில் போனை எடுத்தான். அவன் விரல் திரையில் படுமுன் லின்ட்சே எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

“அழிக்காதே டேரில்.”

“உனக்கு சூடு சொரணை இருக்காடா?” என்று சீறினாள் நொலீன்.

“இதை எடுக்கச் சொன்னதே நான்தான் நொலீன்.”

லின்ட்சே போனை வாங்கிக் கவுன்டரில் வைத்தான்.

“ஈரல்ல இனி ஒரு கிளாஸ் இறங்கினாலும் ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல கிடந்தா தனிமை கொல்லுது. இங்கே வந்தா ஆளாளுக்கு வாங்கி வைக்கறான். நம்ம ஊரு வழக்கம் உனக்குத் தெரியாதா? ஒருத்தன் வாங்கி வெச்சதைத் தள்ளினா அவன் மூஞ்சியில துப்பின மாதிரி. உடம்பு சரியில்லேன்னா, ‘ஒண்ணே ஒண்ணு, மருந்து மாதிரி’ங்கறான். எனக்கு மறுக்கத் தெரியலே. அதான், ஊரே சேர்ந்து எனக்குத் தராம இருக்க ஏதாவது வழி பண்ணுன்னு டேரில்கிட்ட கெஞ்சினேன். இப்ப இந்த வட்டாரத்துல ஒரு பார்லயும் எனக்கு ஊத்த மாட்டாங்க. எங்கே போனாலும் கேலி பண்ணி சோடாதான் தர்றாங்க.”

நொலீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

“கூடப் பிறந்தவ நான் ஒருத்தி இருக்கேன். ஊரான்கிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்லத் தோணலையாடா உனக்கு?”

லின்ட்சே அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“சொன்னேனே, கிறிஸ்துமஸ் அன்னிக்கு. ‘டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே’ன்னு நீதான் ஊத்திக் கொடுத்தே. நானும் குடிச்சேன்.”