வீட்டோடு மாப்பிள்ளை

சோதனைக் குழாயில் இருந்த தண்ணீர் இந்த வாரமும் பச்சையாக மாறியது. மீன்தொட்டி சுத்தம் செய்ய வந்த பெண் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அமோனியா ஏறிக் கிடக்கு சார். போன வாரம்தானே தண்ணியை மாத்திட்டுப் போனேன்?"

"அதான்மா எனக்கும் ஒண்ணும் புரியல" என்றார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கும் அவள் மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தார். சட்டைக் கை முழங்கை வரை ஈரம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

தொட்டியின் அடியில் மாப்பிள்ளை அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அது ஓர் ஆக்ஸலாட்டில். நாலு காலும் வாலுமாக ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் ஜீவன். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்கு வாயை மட்டும் திறப்பதால் அவருடைய மகள் வைத்த பெயர் அது. நிஜ மாப்பிள்ளை அவளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விட, இது மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

ஃபில்டர் ஒழுங்காக ஓடியது. தண்ணீரின் குளிர்ச்சியும் சரியாகவே இருந்தது. அவள் ரப்பர் குழாயைப் போட்டுப் பழைய தண்ணீரை வாளியில் இறக்க, அவர் இரண்டு கப் டீயோடு வந்து உட்கார்ந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணின் கதையை ஆரம்பித்தார். போன வாரமும் சொன்ன கதைதான். அவள் முதல் தடவை கேட்பது போலவே சிரித்தாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தண்ணியில இது ரொம்ப நாள் தாங்காது. எங்க கடைக்கே எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இதையும் எடுத்துட்டுப் போயிட்டா, இந்த வீட்டுல எனக்கு யாரும்மா இருக்கா?"

"இங்கேயே கிடந்து செத்துப்போனா பரவாயில்லையா?"

அவள் ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி, மாப்பிள்ளையை அலுங்காமல் அதற்குள் தள்ளி வெளியே எடுத்தாள். தலையின் இரண்டு பக்கமும் செவுள்கள் சிவந்து, இறகு மாதிரி புசுபுசுவென்று விரிந்தன. அவள் கை நின்றுவிட்டது.

அமோனியா முதலில் பொசுக்குவது செவுளைத்தான். இவை சுருங்கிப் போயிருக்க வேண்டும்.

செவுளைப் பார்த்தாள். அவருடைய ஈரச் சட்டைக் கையைப் பார்த்தாள். டப்பாவும் கையுமாக நேரே குளியலறைக்கு நடந்தாள்.

"அங்க வேண்டாம்மா" என்றபடி அவர் பின்னாலேயே வந்தார்.

பெரிய டப்பில் கண்ணாடி போலத் தண்ணீர். குளிர்ச்சிக்காக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, உறையவைத்த பாட்டில் ஒன்று மிதந்தது. ஓரத்தில் பாதி தின்ற மண்புழு.

"இது குடியிருக்கிறது இங்க. தொட்டியில தீனியைப் போட்டு அழுக விட்டுட்டு, நான் மணியடிச்சதும் தூக்கி அதுல விடறீங்க. அப்படித்தானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மாப்பிள்ளையை டப்பில் விட்டாள். அது மிச்சப் புழுவைத் தேடி ஆடி அசைந்து போனது.

"எதுக்கு சார் இந்த வேலை?" கோபமாகத்தான் கேட்டாள்.

"தண்ணி நல்லா இருந்தா நீ எதுக்கும்மா வரப்போறே?"