மூழ்கிய ஊரில் ஓர் ஆட்சேபணை

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், அவருடைய சொந்த ஊரில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். சட்டம் அவ்வளவு அக்கறையானது. மாப்பிள்ளை தியோவின் தீவு கடலுக்குள் போய் ஒன்பது ஆண்டுகள் ஆனதை மட்டும் அது கவனிக்கவில்லை.

"ஊரிலிருந்து பதில் வரவில்லை. அன்புகூர்ந்து காத்திருக்கவும்" என்றது பதிவு அலுவலக இயந்திரம்.

"மீனு வந்து பதில் சொல்லுமாக்கும்!" என்றாள் மணப்பெண் ஜெசிந்தா. நாளை தியோவின் விசா முடிகிறது. மனைவி இல்லாதவன் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். நீந்தத் தெரியுமா என்று கேட்கும் கருணை கூட விதியில் இல்லை.

பதிவாளர் சவரியம்மாள் அறிவிப்பைக் கையில் எடுத்தார். "ஊருன்னா மண்ணு மட்டுமா தம்பி? ஒங்க ஆளுங்க எங்க இருக்காங்க?"

துறைமுகத்தில் வேலை பார்க்கும் தீவுக்காரர்கள் நால்வரின் அறைக்கதவில் அதை அவரே ஒட்டினார்.

"ஆட்சேபணை உண்டா?"

"உண்டு," என்றார் மூத்தவர். "எங்களக் கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்லியேம்மா!"

ஜெசிந்தா அங்கேயே கைகூப்பி அழைத்தாள்.

'ஓர் ஆட்சேபணை வந்தது; பிரியாணியில் தீர்க்கப்பட்டது' என்று பதிந்து, சவரியம்மாள் முத்திரை குத்தினார்.