பட்டியலில் இல்லாத மருமகள்

“இந்த மருந்து யாரு செஞ்சதுன்னு நினைக்கிறீங்க? என் மருமக!”

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம் வயர்மேன் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

“தூசியைவிடப் பொடிசா ஒரு துகள். மருந்தைச் சுமந்துட்டுப் போய், மூத்திரப்பையில கேன்சர் இருக்கிற இடத்துல ஒட்டிக்கும். அதுவரைக்கும் பரம சாது. உள்ளே விளக்கைப் போட்டதும் கேன்சரை மட்டும் பொசுக்கிடும். சுவிட்சு நம்ம கையில!”

நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போட்டவர். இப்போது தனக்குள்ளேயே ஒன்று எரியப்போகிறது, அதுவும் மருமகள் புண்ணியத்தில். பெருமை பிடிபடவில்லை. “ஆஸ்பத்திரியில என் பேச்சே எடுக்காதீங்க மாமா” என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியனுப்பியதெல்லாம் காற்றில் போயிற்று.

துணைக்கு வந்திருந்த தங்கை, அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தாள். ஆராய்ச்சிக் குழு என்று ஒன்பது பெயர்கள்.

“அண்ணா, இதுல உன் மருமக பேரே இல்லையே.”

“நல்லாப் பாரு.”

“ரெண்டு தடவை பாத்துட்டேன். அதான் அவ இந்தப் பக்கம் தலையே காட்டலையா? ஏழு வருஷமா இந்த மருந்தைத்தான் செய்யறேன்னு நம்ம காதுல நல்லாப் பூ சுத்தியிருக்கா!”

வயர்மேனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூத்திரப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று வேறு டாக்டர்கள் சொன்ன பிறகும், அவள் வார்த்தையை நம்பித்தான் இங்கே வந்திருந்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

“அவ சொன்னதே பொய்யின்னா, மருந்தை எப்படிம்மா நம்பறது?”

கதவருகே நின்ற டாக்டர் உள்ளே வந்தார்.

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா இதைக் கேட்டுட்டு வாயை மூடிட்டு இருக்க முடியலை. போன மாசம் வரைக்கும் இந்தத் தாள்ல முதல் பேரே அவங்களோடதுதான்.”

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள். வயர்மேன் விருட்டென்று நிமிர்ந்தார்.

“அப்ப யாரு எடுத்தது? என் மருமக பேரை எடுக்க யாருக்கு என்ன தைரியம்? சும்மா விட மாட்டேன் நான்!”

“குழுவில இருக்கிறவங்க குடும்பத்துக்கு இந்தச் சிகிச்சை கிடையாதுன்னு விதி, ஐயா. உங்க ரிப்போர்ட் வந்த அன்னைக்கே அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க, ‘என் பேரை எடுத்துடுங்க, என் மாமாவுக்கு ஒரு படுக்கை கொடுங்க’ன்னு.”