மாட்டுக்கொட்டகைக் கல்

ஸ்காட்லாந்தில் இடிந்துபோன மடாலயம் ஒன்று. அதன் கற்களைப் பெயர்த்துத்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் மாட்டுக்கொட்டகை கட்டியிருந்தார். அந்தச் சுவரிலிருந்த ஒரு கல்லுக்கு, இன்னும் விழாமல் நின்ற மடாலயத்து வளைவைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"ரெண்டு பேரும் ஒரே பாறையில பொறந்தோம். உன்னை ஊரே வந்து படம் பிடிக்குது. என்மேல மாடு முதுகு தேய்க்குது" என்றது.

"உனக்குக் கூரையாவது இருக்கு. நான் நானூறு வருஷமா நனையறேன்" என்றது வளைவு.

கல் நம்பவில்லை.

ஒருநாள் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். கல்லில் பழங்காலக் கல்தச்சர் செதுக்கிய அடையாளம் இருப்பதைக் கண்டு, அதைப் பெயர்த்தெடுத்து எதிரிலிருந்த காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தொடக்கூடாது என்று பலகையும் மாட்டினார்கள்.

ஜன்னல் வழியே கொட்டகை தெரிந்தது. சுவரின் ஓட்டையை ஒரு செங்கல்லால் அடைத்திருந்தார்கள். மாடு அதில் சுகமாக முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது.

"அந்தச் செங்கல்லுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று முணுமுணுத்தது கல்.