முதல் பீஸ்

“லேசரா? மேடம், பத்து எம்.எம். இரும்புத் தகட்டையே அது சும்மா அறுத்துக்கினு போவும். அத எம் பொண்டாட்டி தலைல வெப்பீங்களா?”

ஸ்டீபன் போட்ட சத்தத்தில் அந்தத் திருவள்ளூர் பிசியோதெரபி கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டு வருஷமாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லேசர் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அவனிடமே லேசர் கதையா!

பக்கத்தில் அவன் மனைவி சாராள், ஒற்றைத் தலைவலி என்று நெற்றியைப் பிடித்தபடி பாவமாக உட்கார்ந்திருந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் ஈஸ்வரி சிரித்தார். “அது வேற, இது வேறங்க. இதுல சூடுகூடத் தெரியாது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ரெண்டுன்னு பத்து சிட்டிங் பாப்போம்.”

“அப்போ மொதல்ல எனக்கு வெய்ங்க. அந்த டியூப்லைட்டையும் அணைங்க, கண்ணு கூசுது.”

கம்பெனியில் புது வேலை எது வந்தாலும் முதலில் ஒரே ஒரு பீஸ் வெட்டி அளந்து பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் மீதி. ஸ்டீபனுக்கு வீட்டிலும் அதே சட்டம்தான். மகள் பிரின்சியின் இருமல் மருந்துகூட முதலில் இவன் நாக்கில்தான் விழும்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அவன் பிடரியிலும் நெற்றிப்பொட்டிலும் கருவியை வைத்தார் ஈஸ்வரி.

“டைம கொறைக்காதீங்க மேடம். பாதி வெட்டின பீஸ வெச்சிக்கினு ஒண்ணும் சொல்ல முடியாது.”

முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்தான். ஓட்டை எதுவும் இல்லை. “போ சாரா, பயப்படாத” என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தான்.

பத்து தடவையும் இதே கதைதான். “நேத்து ஒழுங்கா ஓடின மெஷின் இன்னிக்கும் ஓடும்னு இன்னா கேரண்டி?”

கடைசி நாள். சாராள் முகம் தெளிந்திருந்தது. மூன்று வாரமாக வீட்டில் யாரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இருட்டில் படுக்கவில்லை. ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மெஷினிலேயே வெட்டிய எவர்சில்வர் பெயர்ப்பலகையை ஈஸ்வரியிடம் நீட்டினான்.

“எம் பொண்டாட்டிய மனுஷியா ஆக்கிட்டீங்க மேடம். கர்த்தர் உங்கள நல்லா வெப்பாரு.”

ஈஸ்வரி சாராளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சிகிச்சை அட்டையை அவன் கையில் கொடுத்தார். டாக்டர் சீட்டு ஒன்று அதில் குத்தியிருந்தது. தேதி, போன வருஷத்தது. நோயாளி பெயர்: ஸ்டீபன். நோய்: ஒற்றைத் தலைவலி.

“லேசர்னதும் பயந்துகினு பைபிளுக்குள்ள ஒளிச்சி வெச்சீங்களே, அதே சீட்டுதாங்க” என்றாள் சாராள். “எனக்குத் தலைவலின்னு சொன்னாத்தான் நீங்க மொதல்ல போய் உக்காருவீங்க. பத்து நாளும் நான் உள்ள சும்மாதான் உக்காந்துனு இருந்தேன்.”