பூகம்பப் பாடம்

“ஏனுங் டீச்சரம்மா, பாடம் நடத்தச் சொல்லிச் சம்பளம் குடுத்தா, நீங்க புள்ளைகளுக்குப் பயம் நடத்தறீங்களாமா?”

ஐந்தாம் வகுப்பு வாசலில் பஞ்சாயத்துத் தலைவர் கந்தப்பன் நின்றிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வசந்தாமணி டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தாள். வருவார் என்று தெரியும். மறுநாளே வருவார் என்று நினைக்கவில்லை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை பூகம்பப் பாடம். வெறும் வாயால் சொன்னால் புரியாதென்று வீட்டிலிருந்து ஒரு வேகவைத்த முட்டையைக் கொண்டுவந்து, மேசையில் தட்டி, ஓட்டில் ஓடிய விரிசல்களைக் காட்டினாள்.

“பூமியோட மேல் ஓடும் இப்படித்தான் துண்டு துண்டா, தட்டுத் தட்டா இருக்குது. ஒரு தட்டு இன்னொண்ணு மேல மோதினா வீடு வாசலெல்லாம் ஆடும். ஆடினா நிக்கக் கூடாது. உடனே வெட்டவெளிக்கு ஓடிரணும்.”

கடலுக்கடியில் மோதினால் பனைமர உயரத்துக்கு அலை வரும் என்றதும், “நம்ம ஏரியிலயும் வருங்களா டீச்சர்?” என்று கேட்டான் செங்கோடன். புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. ஏரியில் ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட, தரையைத் துளைக்கும் ரிக் வண்டி வந்தது. ரிக் ஓடியதும் தரை கிடுகிடுத்தது. அவ்வளவுதான், நாற்பத்தொரு பிள்ளைகளும் சிலேட்டைப் போட்டது போட்டபடி மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். ஊரே சிரித்தது. சிரித்து முடித்ததும் கோபப்பட்டது.

“என்ற பேத்தி பூங்கொடி ஊட்டுக்குள்ளயே வர மாட்டீங்கறா. சோறு திங்கறதே வாசல்லதான்” என்றார் தலைவர்.

“புத்தகத்துல இருக்கறதைத்தானுங்க நடத்தினேன்.”

“புத்தகம் மெட்ராசுல அச்சடிக்கறான். அங்க கடல் இருக்குது, என்ன வேணா வரும். இங்க என்ன வரும்? இது நானே காண்ட்ராக்ட் எடுத்து, நானே நின்னு கட்டுன கட்டடமுங்க. போன தையிலதான் தெறந்தோம். நூறு வருசத்துக்கு ஒரு செங்கல் அசையாது. அதுக்குள்ள இருந்து புள்ளைக ஓடுனா, என்ற மானமில்லீங்க ஓடுது?”

“அது வந்துங்க…”

“கொல்லிமலை மேல ஒரு பள்ளிக்கூடம் டீச்சர் இல்லாமக் கெடக்குதாமா. மாத்தல் போடற கல்வி ஆபீசரு ஏ.இ.ஓ. நம்ம பேச்சைத் தட்ட மாட்டாரு.”

வசந்தாமணிக்கு வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. மத்தியான மணி அடித்ததும் ஓட்டமாய்ப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓட்டமாய் வருகிறவள் அவள். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு.

“நான் என்னங்க பண்ணோணும்?”

தலைவர் அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எம் முன்னால சொல்லுங்க. ரிக்கு ஓடுனாலும் செரி, எது ஓடுனாலும் செரி, நீங்க சொல்லாம ஒருத்தரும் எடத்தை உட்டு எந்திரிக்கப்படாதுன்னு.”

சொன்னாள். பிள்ளைகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஓடச் சொன்னதும் இதே டீச்சர்தானே. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

“சரிங்க டீச்சர்” என்று வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது.

தலைவருக்குப் பரம திருப்தி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கேட்டுக்கோங்க சாமிகளா. பூகம்பமாவது ஒண்ணாவது. பயந்தாங்கொள்ளிதான் ஓடுவான். நானெல்லாம் இந்த வயசு வரைக்கும்…”

பக்கத்துத் தோட்டத்தில் ரிக் உறுமியது. தரை அதிர்ந்தது. சிலேட்டுகள் கடகடத்தன. கூரையிலிருந்து ஒரு கைப்பிடி காரை பொலபொலவென்று மேசைமேல் உதிர்ந்தது.

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். கண்ணெல்லாம் பயம். ஆனால் ஒருவரும் அசையவில்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள்.

வசந்தாமணி தலைவர் பக்கம் திரும்பினாள். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

அவர் இரண்டாவது வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தார். வழியில் செங்கோடனின் கையை மிதித்தார். மூன்றாவது வரிசையில் இருந்த பூங்கொடியை இடுப்போடு வாரித் தூக்கினார். “எந்திரிக்கக் கூடாதுன்னீங்களே தாத்தா” என்று அவள் கத்தக் கத்த, வாசல் தாண்டி, படி தாண்டி, வேப்பமரமும் தாண்டி, வெட்டவெளியில் போய்த்தான் நின்றார். வசந்தாமணி முட்டை உடைத்துச் சொல்லிக் கொடுத்த பாடத்தை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்து காட்டியதில்லை.

அந்தக் கூரையில் சிமென்ட் எத்தனை, மணல் எத்தனை என்று அறிந்தவர் அவர் ஒருவர்தானே.

மீதி நாற்பது பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் காரை உதிர்ந்தது. முன்வரிசை ராமாயி தலையில் விழுந்ததைத் தட்டிவிட்டுக் கையை உயர்த்தினாள்.

“டீச்சர், தலைவரு அவரு பேத்தியை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டாருங்க. நாங்க எந்திரிக்கலாமுங்களா?”