அத்தான் கொடுத்த கூப்பன்

"படிச்சீங்களா இதை? அத்தானோட வேலையைப் பாருங்க!"

சின்னவள் செல்போனைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆன்லைனில் வாஷிங் மெஷின் ஆர்டர் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா வீட்டுக்காரர் அனுப்பிய கூப்பன் நம்பரைப் போட்டதில் பத்து சதவீதம் குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கீழே பொடி எழுத்தில் கிடந்த விதிமுறைகளையும் படித்துத் தொலைத்துவிட்டாள்.

"நாம வாங்கினா அவருக்கு ஆயிரம் பாயிண்ட் போகுதாம்! அதை வச்சு அங்கேயே காசு மாதிரி சாமான் வாங்கிக்கலாமாம்!"

"நமக்கும்தானே விலை குறைஞ்சுது? விடேன்."

"ஒரு வார்த்தை சொன்னாரா? மேனேஜர் உத்தியோகம், சொந்த வீடு. அவருக்கு நம்ம தலையில மிளகாய் அரைக்கணுமா?"

யோசிக்க யோசிக்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச காலமாகவே அத்தானுக்கு இதே பேச்சு. சித்தப்பா வீட்டில் ஃபேன் ஓடவில்லையா, "என் கூப்பன் போட்டு வாங்குங்க." பெரியம்மா மகள் மிக்ஸி பார்க்கிறாளா, "என் கூப்பன் இருக்கே!"

ஆர்டரை ரத்து செய்தாள். அதே மெஷினை முழு விலைக்கு வேறு இடத்தில் வாங்கினாள்.

"பத்து சதவீதம் நஷ்டம் நமக்குத்தானே?" என்றான் கணவன்.

"போனா போகுது. அவருக்குப் போகக்கூடாது."

அதோடு விட்டாளா? விதிமுறையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'கமிஷன் அத்தான், ஜாக்கிரதை!' என்று மேலே ஒரு வரி வேறு.

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. அந்தக் கூப்பனில் வாங்கியிருந்த இன்னும் மூன்று பேர், மறுநாளே பொருளைத் திருப்பி அனுப்பினார்கள். அத்தான் பதிலே எழுதவில்லை. சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

நாலாம் நாள் அக்காவிடமிருந்து போன். "ஒரு எட்டு வந்துட்டுப் போ."

சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். அக்கா சண்டை போடவில்லை. சமையலறைக்குள் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆச்சுடி. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என் வாயைக் கட்டிப் போட்டிருக்கார். இருந்த சேமிப்பு வீட்டு லோனுக்கே சரியாப் போச்சு. அந்தப் பாயிண்ட்டை வச்சுத்தான் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வரவழைச்சோம். நீங்க எல்லாரும் வேண்டாம்னதும், ஏறின பாயிண்ட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... என்கிட்டயாவது ஒரு வார்த்தை..."

"உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே. அந்த மரியாதை ஒண்ணுதான் அவருக்கு மிச்சம்."

வாசலில் செருப்புச் சத்தம். இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் ஆபீஸ் பையுமாக அத்தான் உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு முகம் மலர்ந்தது.

"அடடே, நீயா! நானே பேசணும்னு இருந்தேன். பாயிண்ட் விஷயத்தை முதல்லயே சொல்லியிருக்கணும்மா. தப்பு என் மேலதான்."

அவளால் நிமிர முடியவில்லை.

அவர் செல்போனைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார்.

"புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு பாரு, இருபது சதவீதம். விதிமுறையை ரெண்டு தடவை படிச்சுட்டேன். இதுல எனக்கு ஒண்ணுமே வராது. நீ தைரியமா வாங்கிக்கோ."